பண்டைய எகிப்தின் சமூக அடுக்குகள்: பாடநூல் முக்கோணம் எவ்வளவு தூரம் சரி?

மருதன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பண்டைய எகிப்துப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைவது என் வழக்கம். உச்சியில் ஃபாரோ, அவருக்குக் கீழே தலைமை அமைச்சர், அடுத்துப் பூசாரிகளும் உயர் அதிகாரிகளும், பிறகு எழுத்தர்கள், படைவீரர்கள், கைவினைஞர்கள், உழவர்கள், அடித்தட்டில் அடிமைகள். இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "கல்லறைச் சுவரில் ஓவியம் தீட்டுகிறவர் படைவீரருக்குக் கீழே ஏன் இருக்கிறார்? அவருக்கு என்ன கிடைத்தது, இவருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக வரைந்து வந்த படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன ஆதாரம் இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எகிப்தியலில் ஆழ்ந்த வாசிப்பு உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள், வழிகாட்ட வேண்டுகிறேன்.

கயல்விழி எழுதியது:

மருதன் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மாணவி கேட்டிருப்பது அடிப்படையான கேள்வி. நாணயம் புழங்காத காலம் அது. ஊதியம் தானியமாக அளக்கப்பட்டது. எனவே யாருக்கு எத்தனை அளவை கிடைத்தது என்று பார்த்தால், பட்டங்களைப் பார்த்து அறிவதைவிட அதிகமாக அறியலாம். அந்தக் கணக்கு நல்வாய்ப்பாக ஓர் ஊருக்கு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கும் தெய்ர் எல்-மதீனாதான் அந்த ஊர். அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்தவர்களும் வண்ணம் தீட்டியவர்களும் 18ஆம் அரசமரபு முதல் 20ஆம் அரசமரபு வரை (ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரை) குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பு அது. மதிலுக்குள் ஏறத்தாழ 70 வீடுகள். கைக்குக் கிடைத்த சுண்ணக்கல் சில்லுகளிலும் உடைந்த பானை ஓடுகளிலும் அவர்கள் எழுதிவைத்த கடன், வழக்கு, கடிதம், வருகைக் கணக்கு எல்லாம் ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன.

அங்கே ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 கர் எம்மர் கோதுமையும் ஒன்றரைக் கர் வாற்கோதுமையும் அளந்தார்கள். ஒரு கர் என்பது ஏறத்தாழ 76 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, வாற்கோதுமை பீருக்கு. குழுத்தலைவருக்கு ஐந்தரைக் கர் கோதுமையும் 2 கர் வாற்கோதுமையும் கிடைத்தன. அதாவது தலைவருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தானிய இடைவெளி ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. தொழிலாளிக்குக் கிடைத்த அளவே ஒரு குடும்பத்தின் உணவுக்கு மேல் மிச்சம் வைக்கும் அளவு. மிச்சத்தைக் கொடுத்துச் செருப்போ கழுதையோ வாங்கிக்கொள்ளலாம். மீன், காய்கறி, தண்ணீர், விறகு ஆகியவற்றைக் கொண்டுவந்து தரவும் துணி வெளுத்துத் தரவும் அரசே வெளியூர் ஆட்களை அமர்த்தியிருந்தது. அந்தத் தண்ணீர் சுமப்பவரையும் ஓவியரையும் "உழைக்கும் மக்கள்" என்று ஒரே தட்டில் வைத்துவிட்டால் அந்த ஊரின் உள்ளடுக்கு நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் ராம்செசின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு சுண்ணக்கல் பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 40 தொழிலாளர்களின் பெயர்களும் அவர்கள் வேலைக்கு வராத நாள்களும் காரணங்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒருவர் நோயுற்றிருந்தார், இன்னொருவரைத் தேள் கொட்டியது, ஒருவர் தம் தாயின் உடலைப் பதப்படுத்தும் பணியில் இருந்தார், சிலர் பீர் காய்ச்சினார்கள், சிலர் வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. இத்தனை காரணங்களையும் கணக்காளர் ஏற்றுப் பதிந்திருக்கிறார் என்பதை உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

நெய்தல்வாணன் எழுதியது:

கயல்விழி அம்மா சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் தெய்ர் எல்-மதீனாவை வைத்து எகிப்தை எடைபோடுவது ஆபத்தானது என்று எனக்குத் தோன்றுகிறது. அரசனின் மறுமைக்காக உழைத்தவர்கள், பலர் எழுத்தறிந்தவர்கள், களஞ்சியத்திலிருந்து நேரே உணவு பெற்றவர்கள். எகிப்தியரில் எழுதத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். அவர்கள் தங்கள் கையால் எதையும் எழுதி வைக்கவில்லை. கல்லறைச் சுவர்களில் அவர்கள் அறுவடை செய்கிறார்கள், வரி செலுத்தாதபோது அடி வாங்குகிறார்கள். அந்தக் காட்சிகளைத் தீட்டச் சொன்னவர்கள் வரி வாங்கிய பக்கத்தினர்.

ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டுமானால் காஹூனுக்கு வாருங்கள். இரண்டாம் செனுஸ்ரெத்தின் பிரமிடுக்கு அருகில், ஃபையூம் என்னும் பசுமைப் பள்ளத்தாக்கின் வாயிலில், அரசே திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. பிரிட்டிஷ் தொல்லியலாளர் பீட்ரி 1889இல் அங்கே அகழ்ந்தார். வடக்குப் பகுதியில் இருந்த மாளிகைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,500 சதுர மீட்டர். மேற்குப் பகுதியில் நெருக்கியடித்து நின்ற சிறு வீடுகள் பெரும்பாலும் 100 சதுர மீட்டர் அளவில் இருந்தன. இரண்டு பகுதிகளுக்கும் இடையே தடித்த சுவர். மாளிகைகளுக்குள் பெரிய தானியக் களஞ்சியங்கள். அவற்றின் கொள்ளளவைப் பார்த்தால், அந்த நகரத்தின் சிறு வீடுகளில் இருந்தவர்கள் மாளிகைவாசிகளின் களஞ்சியத்திலிருந்துதான் உண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கையில் எனக்கு எட்டுப் படி முக்கோணம் தெரியவில்லை. தானியத்தை அளந்து கொடுத்த சில வீடுகளும், அதற்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கான வீடுகளும் தெரிகின்றன.

இடைத்தட்டே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 12ஆம் அரசமரபின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹெகநக்த் என்பவர் இறந்தோர் வழிபாட்டுக்குரிய பூசாரி. கூடவே நிலம் வைத்தும் குத்தகைக்கு எடுத்தும் பயிரிட்டவர். வெளியூரிலிருந்து வீட்டுக்கு அவர் எழுதிய கடிதங்களை, தெய்ர் எல்-பஹ்ரி அருகே 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொல்லியலாளர் விண்லாக்கின் குழு கண்டெடுத்தது. நைல் போதிய அளவு பெருகாத காலம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, இவருக்கு இவ்வளவு தானியம் என்று குறைத்து வரையறுக்கிறார். அடியோடு சாவதைவிட அரைவயிறு மேல் என்ற பொருளில் கண்டிப்பாக எழுதுகிறார். தம் புது மனைவியிடம் முறைகேடாக நடந்த பணிப்பெண்ணை உடனே வீட்டைவிட்டு அனுப்பச் சொல்கிறார். இவரை முக்கோணத்தின் எந்தக் கட்டத்தில் வைப்பது? பூசாரி என்றா, உழவர் என்றா, ஆள்வைத்து வேலைவாங்கும் நிலக்கிழார் என்றா?

செங்கோடன் எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள் என்று சிறுவயதில் படித்தோம். கூலி பெற்ற தொழிலாளர்கள் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். எது சரி? அடித்தட்டில் அடிமைகள் என்று எழுதுவது பொருந்துமா?

கயல்விழி எழுதியது:

செங்கோடன் அவர்களே, அந்த இரண்டு சொற்களும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. நம் கல்வெட்டுகளில் "வெட்டி" என்று வரும் கூலியில்லாக் கட்டாய உழைப்பை நினைத்துக்கொண்டால் எகிப்தின் நடைமுறையை நெருங்கலாம். அரசு கேட்டால் ஊரிலிருந்து ஆள் போக வேண்டும். போன இடத்தில் அரசு சோறு போடும். தவணை முடிந்ததும் திரும்பி வரலாம். கிசாவில் 1990இல் ஒரு குதிரையின் கால் மண்சுவர் ஒன்றில் இடறியதைத் தொடர்ந்து தொழிலாளர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. அந்த எலும்புக்கூடுகளில் கடும் சுமையின் தேய்மானமும் இருக்கிறது, முறிந்து பின் நன்றாகக் கூடிய எலும்புகளும் இருக்கின்றன. யாரோ கட்டுப் போட்டு, குணமாகும் வரை உணவளித்திருக்கிறார்கள். அருகில் இருந்த குடியிருப்பில் ரொட்டிச் சூளைகளும் ஏராளமான மாட்டெலும்புகளும் கிடைத்துள்ளன.

செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்னும் இடத்தில் 2013இல் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகள் இன்னும் நெருக்கமானவை. மெரெர் என்ற கண்காணிப்பாளர் ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழுவோடு துராவில் வெட்டிய சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி குஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோன நாட்குறிப்பு அது. இன்று ஏற்றினோம், இன்று படகு செலுத்தினோம், இரவு இங்கே தங்கினோம் என்று நாள்தவறாமல் எழுதியிருக்கிறார். குழுவுக்கு வந்த உணவின் கணக்கும் அதே சுவடித்தொகுப்பில் இருக்கிறது. அவருக்கு மேலே இருந்த மேலாளர் அன்க்ஹாஃப். குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர். ஒரே கட்டுமானப் பணியில் அரச குடும்பத்திலிருந்து படகு இழுப்பவர் வரை இறங்கும் வரிசை இதில் தெரிகிறது.

இந்த உழைப்பிலிருந்து யாரும் எளிதில் தப்பிவிடவில்லை. ஓடிப்போனவர்களின் பெயர்களை எழுதிய, மத்திய இராச்சியம் எனப்படும் காலத்தைச் சேர்ந்த சிறைப் பதிவேடு ஒன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுமையிலும் அந்த அழைப்பு வரும் என்று எகிப்தியர் அஞ்சினர். கல்லறையில் வைக்கப்படும் ஷப்தி என்னும் சிறு பதுமைகளின் வேலையே அதுதான். வயலில் வேலைக்கு இறந்தவரின் பெயரை அழைக்கும்போது "இதோ இருக்கிறேன்" என்று அது அவருக்காக விடை சொல்ல வேண்டும். துட்டன்காமனின் கல்லறையில் 413 ஷப்திகள் இருந்தன.

அடிமைகள் இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன அதே பதிவேட்டின் பின்புறத்தில், பிற்காலத்தில், செனெப்திசி என்ற பெண்ணுக்கு உரிமையான 95 பணியாளர்களின் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசியப் பெயர் கொண்டவர்கள். அந்தப் பெயருக்கு அருகிலேயே அவர்களுக்குச் சூட்டிய எகிப்தியப் பெயர் இருக்கிறது. பெண்களில் பலர் துணி நெய்தவர்கள். சொந்தப் பெயரை இழந்தவர்களின் பட்டியல் அது. அதைப் படித்தபோது எனக்கு நெடுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை.

இளவேனில் எழுதியது:

பிறப்பால் இறுகிய அடுக்கா, மேலே ஏற வழி இருந்ததா என்பதையும் பேச வேண்டும். எல் காபில் உள்ள கல்லறையில் எபானாவின் மகன் அஹ்மோசே தம் வரலாற்றைத் தாமே சொல்கிறார். தந்தையைப் போலவே போர்வீரர். வட எகிப்தை ஆண்ட அயலவரான ஹிக்சோஸ்களின் தலைநகர் அவாரிஸ் வீழ்ந்தபோது ஓர் ஆணையும் மூன்று பெண்களையும் பிடித்துவந்தார். மன்னர் அவர்களை அவருக்கே அடிமைகளாகக் கொடுத்தார். ஏழு முறை தங்கப் பரிசு பெற்றார், நிலமும் பெற்றார். அவருடைய பேரன் பஹேரி அதே ஊரின் நகரத்தலைவராகவும் இளவரசரின் ஆசிரியராகவும் ஆனார். ஒருவர் ஏறிய ஏணியின் படிகளாக அந்த நான்கு மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பெண் ஃபாரோ ஹட்ஷெப்சுட்டின் வலக்கரமாக விளங்கிய செனென்முட்டின் கதை இன்னும் துலக்கமானது. அவருடைய பெற்றோரின் புதைகுழி 1936இல் குர்னாவில் கண்டெடுக்கப்பட்டது. மகன் உயர்ந்த பிறகு இறந்த தாய் ஹட்னோஃபெர் பொன்முகமூடியோடும் நல்ல சவப்பெட்டியோடும் சீராக அடக்கம் செய்யப்பட்டிருந்தார். முன்பே இறந்துவிட்ட தந்தை ராமோசே எளிய பெட்டிக்குள் வெறும் எலும்புகளாக இருந்தார். வேறெங்கோ எளிமையாகப் புதைக்கப்பட்டவரைப் பின்னர் எடுத்துவந்து வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்தின் உயர்வு, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே அந்த அறையில் தெரிகிறது.

நெய்தல்வாணன் எழுதியது:

இளவேனில், செனென்முட்டை ஏற்கிறேன். ஆனால் கல்லறையில் எழுதிய தன்வரலாறுகளை எச்சரிக்கையோடு படியுங்கள். 6ஆம் அரசமரபின் வெனி, சிறு பதவியில் தொடங்கி மன்னரின் நம்பிக்கையால் மேல் எகிப்தின், அதாவது தென் எகிப்தின், ஆளுநராக உயர்ந்ததாகத் தம் கல்வெட்டில் விரிவாகச் சொல்கிறார். தந்தையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நெடுங்காலமாக அவரைத் தன்முயற்சியால் உயர்ந்தவருக்கு உதாரணமாகக் காட்டி வந்தார்கள். பின்னர் அபிதோசில் நடந்த ஆய்வில், அவருடைய தந்தை இயு தலைமை அமைச்சராக இருந்தவர் என்பது தெரியவந்தது. மன்னர் தந்த பதவி என்று சொல்வது பெருமை. அதனால் தகப்பன் பெயர் தேவைப்படவில்லை.

செங்கோடன் எழுதியது:

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எகிப்தியரை ஏழு பிரிவாகப் பிரித்தார் என்று படித்திருக்கிறேன். அதுவும் பிறப்பு வழியில் வந்த பிரிவுகள்தானே?

நெய்தல்வாணன் எழுதியது:

பூசாரிகள், போர்வீரர்கள், மாடு மேய்ப்பவர்கள், பன்றி மேய்ப்பவர்கள், வணிகர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், படகோட்டிகள் என்பது அவர் தரும் பட்டியல். போர்வீரர்களின் பிள்ளைகள் போர்த்தொழிலையே கற்றார்கள் என்றும், பன்றி மேய்ப்பவர்கள் கோயிலுக்குள் நுழையக்கூடாது, அவர்களோடு யாரும் மணவுறவு கொள்ளமாட்டார்கள் என்றும் எழுதுகிறார். நாட்டில் மிகுந்திருந்த உழவர்கள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை, ஆட்சியை நடத்திய எழுத்தர்களும் இல்லை. அவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பாரசீகர் ஆட்சியில் இருந்த எகிப்தைக் கண்டவர். பிரமிடுகளுக்கும் அவருக்கும் இடையே 2,000 ஆண்டுகள். அவர் சொன்ன ஒதுக்கலை அப்படியே பின்னோக்கி நீட்ட முடியாது. 18ஆம் அரசமரபில் மன்னர் அக்கேநாத்தன் எழுப்பிய அமர்னா நகரின் தொழிலாளர் ஊரிலேயே பன்றிக்கொட்டில்கள் இருந்தன.

"பூசாரி வகுப்பு" என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். பெரும்பாலான கோயில் பணியாளர்கள் முறைவைத்துப் பணி செய்தவர்கள். நான்கு குழுக்கள் மாதத்துக்கு ஒன்றாக மாறிமாறி வரும். ஆண்டில் மூன்று மாதம் கோயில், மற்ற மாதங்களில் சொந்தத் தொழில். கார்னக் பெருங்கோயிலின் தலைமைப் பூசாரி பெரும் சொத்துகளை நிருவகித்தவர். சிற்றூர்க் கோயிலில் முறை பார்த்தவரோ தம் பங்கு ரொட்டியோடும் பீரோடும் வீடு திரும்பியவர். இருவருக்கும் பொதுவானது மழித்த தலை மட்டுமே.

இளவேனில் எழுதியது:

மருதன் ஐயா, படைவீரருக்கு என்ன கிடைத்தது என்றும் உங்கள் மாணவி கேட்டாள் அல்லவா? ஐந்தாம் ராம்செசின் 4ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட வில்பர் பாப்பிரஸ் என்ற நீண்ட நில அளவைப் பதிவேடு இருக்கிறது. நடு எகிப்தில் சிறு துண்டு நிலங்களை வைத்திருந்தவர்களின் பட்டியலில் படைவீரர், குதிரைலாயக் கண்காணிப்பாளர், பூசாரி, மேய்ப்பர், எழுத்தர், இவர்களோடு கணிசமான பெண்களும் அடுத்தடுத்து வருகிறார்கள். 3 அரூரா, 5 அரூரா என்ற அளவுத் துண்டுகளே அதிகம். ஒரு அரூரா ஏறத்தாழ முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. முக்கோணத்தில் வெவ்வேறு கட்டங்களில் நாம் பிரித்து வைத்தவர்கள் வரப்புக்கு வரப்பு பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

பெண்களைப் பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை. ஐந்தாம் ராம்செசின் 3ஆம் ஆட்சியாண்டில், தெய்ர் எல்-மதீனாவில் நௌநக்தே என்ற முதியவள் சாட்சிகள் முன்னிலையில் நின்று, தான் ஃபாரோவின் நாட்டில் ஒரு சுதந்திரமான பெண் என்று சொல்லித் தொடங்குகிறாள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன், தனிக்குடித்தனம் வைக்கத் தேவையானதெல்லாம் கொடுத்தேன், இப்போது முதுமையில் சிலர் என்னைக் கவனிக்கவில்லை, கைகொடுத்தவனுக்கே என் சொத்து என்று உயிலை எழுதுவிக்கிறாள். தன்னைப் பேணிய ஒரு மகனுக்குப் பங்குக்கு மேல் ஒரு வெண்கலக் கிண்ணத்தையும் தருகிறாள். அவள் கணவனின் தகுதியை வைத்து அவளை ஒரு கட்டத்தில் நிறுத்துவோமானால், தன் சொத்தைத் தானே பகிர்ந்த இந்தப் பெண்ணின் குரல் நமக்குக் கேட்காது.

நெய்தல்வாணன் எழுதியது:

அந்தக் குரலுக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் உயில் எழுத வழியற்றவர்களின் எலும்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமர்னாவில், பொதுமக்களின் தெற்கு இடுகாட்டை அகழ்ந்தபோது ஊட்டக்குறைவால் குன்றிய உடல்களும் இளவயதிலேயே தேய்ந்த மூட்டுகளும் கிடைத்தன. வடக்கு இடுகாடு இன்னும் கொடியது. 2015இல் அங்கே எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகளில் பெரும்பான்மை 7 முதல் 25 வயதுக்கு உட்பட்டவை. அவற்றில் பல சிறுவர்களுடையவை. முதுகெலும்பில் சுமையின் தடம். ஒரே குழியில் இருவர் மூவராக, பாய்க்குள் சுருட்டிப் புதைத்திருக்கிறார்கள். படையற்பொருள் ஏறக்குறைய இல்லை. அதே நகரத்து அதிகாரிகளின் கல்லறைச் சுவர்களில் மன்னர் விருந்துண்கிறார்.

மருதன் எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. முக்கோணத்தை அழித்துவிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆணை எந்தத் திசையில் இறங்கியது என்பதை அது காட்டுகிறது, தேர்விலும் கேட்கிறார்கள். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு தானியக் கணக்கு எழுதப்போகிறேன். தொழிலாளிக்கு ஐந்தரைக் கர், குழுத்தலைவருக்கு ஏழரைக் கர். 76ஆல் பெருக்கினால் முன்னவருக்கு 418 லிட்டர், பின்னவருக்கு 570 லிட்டர். அந்தத் தானியம் வராமல் போனால் என்ன நடந்தது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கிறதா?

கயல்விழி எழுதியது:

இருக்கிறது, ஐயா. மூன்றாம் ராம்செசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், அது வராமல் போனது. மாதத்தில் 18 நாள் கழிந்துவிட்டது, பசிக்கிறது என்று சொல்லித் தொழிலாளர்கள் காவற்சுவர்களைக் கடந்து வெளியேறி, மூன்றாம் துட்மோசின் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். பிறகு ராமெசியம் கோயிலுக்குள்ளும் போனார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை, ஃபாரோவுக்கு எழுதுங்கள், தலைமை அமைச்சருக்கு எழுதுங்கள் என்றார்கள். அதை எழுதிவைத்த சுவடி இன்று இத்தாலியின் தூரினில் இருக்கிறது. முந்தைய மாதத்துப் பாக்கி அன்று அளந்து கொடுக்கப்பட்டது. அடுத்தடுத்த மாதங்களில் மீண்டும் தவறியது, அவர்களும் மீண்டும் வெளியேறினார்கள்.

உங்கள் தானியக் கணக்கில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறேன். அந்த 418 லிட்டரும் மாவாக வரவில்லை, மணியாக வந்தது. அரைப்பதற்கென்று அரசு அந்த ஊருக்கு அடிமைப் பெண்களைக் கொடுத்திருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதத்தில் இத்தனை நாள் அவர்களுடைய உழைப்பு என்று பங்கு இருந்தது. தொழிலாளிகள் அந்த நாள்களைத் தங்களுக்குள் விற்றார்கள், வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள்.